ஒரு கையெழுத்துக்காக மூன்றாம் வகுப்பில்

முருகேசு அண்ணை சாமியாராகப் போனதைப் பற்றி யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஞானம் பிறந்தது என்பார்கள், பூர்வ புண்ணியம் என்பார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். மனிதர் வேலி வழக்கில் தோற்றுப்போனார்.

பக்கத்துக் காணிக்காரர் மார்க்கண்டு, ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால் தடியை ஒரு சாண் தள்ளி நடுகிறார் என்பது வழக்கு. காணியோ முருகேசு அண்ணையின் பெண்சாதிக்கு வந்த சீதனம். அவர் அதைத் தன் உடம்பில் ஒரு அவயவமாக நினைத்துக்கொண்டு கோட்டுக்கும் வீட்டுக்குமாய் வருடக்கணக்கில் நடந்தார். தீர்ப்பு மார்க்கண்டுவின் பக்கம் விழுந்தது. அந்த மார்கழியில் திருவாதிரை பார்க்கச் சிதம்பரத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. உலகம் மாயை என்று ஒரு தபாலட்டை மட்டும் வந்தது. தோற்றவனுக்கு மாயையாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? வென்றிருந்தால் அதே மனிதர் அந்த வேலிக்குப் பந்தல் போட்டுப் பொங்கல் வைத்திருப்பார்.

அவருடைய பெண்சாதி மகாதேவிதான் என் சிநேகிதி. நான் றோஸ், குருநகரில் வள்ளம் வைத்து மீன்பிடிக்கிற சூசைதாசன் சம்மாட்டியின் மூத்த மகள். எனக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள் எல்லாரும் என் வாய்க்குப் பயந்து திரும்பிப் போனதாக எங்கள் தெருவில் சொல்வார்கள், அது பொய்யில்லை. பட்டினத்தில் ஒரு மிசன் பெண் பள்ளிக்கூடத்தில் அவள் தமிழும் கணக்கும் படிப்பித்தாள், நான் தையல். மத்தியானத்தில் ஒரே மேசையில் சாப்பிடுவோம். அவள் பெட்டியில் மரக்கறி, என் பெட்டியில் மீன். இரண்டுக்கும் நடுவில் ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்துக்கொள்வாள். அந்தப் புத்தகத்தின் மேலால்தான் எங்கள் சிநேகிதம் வளர்ந்தது.

முப்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம் ஒரு நாள், அவள் அந்தப் புத்தகத்தை நிமிர்த்தி வைக்க மறந்துவிட்டாள். விசயம் பெரிது என்று அப்போதே எனக்கு விளங்கியது.

அவளுடைய ஒரே மகள் பாலேஸ்வரிக்கு வேலூரில் பெண்களுக்கு வைத்தியம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. கார்த்திகைக்குள் காசு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். மகாதேவியிடம் இருந்ததெல்லாம் அந்தச் சீதனக் காணிதான். அவளுடைய பெயரில் உள்ள காணி, அவளுடைய தகப்பன் கொடுத்த காணி. ஆனால் எங்கள் தேசவழமைச் சட்டத்தைப் பாருங்கள், புருசன் சம்மதித்துக் கையெழுத்து வைக்காமல் அதை விற்க அவளுக்கு உரிமை கிடையாது. புருசன் எங்கே? மாயையில்.

"கோட்டிலை அனுமதி கேட்டு எடுக்கலாம் எண்டு வழக்குப் பேசுற பிரக்கிராசியார் சொல்லுறார்," என்றாள். "ஆனால் புருசன் என்னை விட்டிட்டு ஓடிட்டார் எண்டு நான் சத்தியக்கடதாசி குடுக்கவேணுமாம்."

"உண்மைதானே. குடும்."

"வேலி வழக்கை ஊர் முழுக்கக் கோட்டு வாசல்லை நிண்டு கேட்டது. இதையும் கேக்கட்டுமோ? அதோடை கார்த்திகைக்குள்ளை எந்தக் கோடு தீர்ப்புச் சொல்லும்?"

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"நொத்தாரிசு சம்மதக் கடதாசி எழுதித் தந்திட்டார். போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரப்போறன்."

"ஆள் எங்கை எண்டு தெரியுமோ?"

"இந்தியாவிலை."

"இந்தியா என்ன சின்னக்கடைச் சந்தையோ, போய் ஒரு சுத்துச் சுத்தி ஆளைப் பிடிச்சுக்கொண்டு வாறதுக்கு?"

"அதுதான் நீரும் வாறீர்," என்றாள்.

வாறீரோ என்று கேட்கவில்லை. மகாதேவி சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. மெல்லச் சொல்வாள், சொன்னது நடக்கும். வகுப்பிலும் அப்படித்தான்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஊர் வழக்கப்படி காணி விற்பதென்றால் எல்லைக்காரரைத்தான் முதலில் கேட்க வேண்டும். மார்க்கண்டு உடனே சம்மதித்துவிட்டார், நல்ல விலையும் சொன்னார். வேறு யாரும் அந்த விலைக்குக் கிட்டவும் வரவில்லை. ஆக, முருகேசு அண்ணை கையெழுத்து வைப்பது மார்க்கண்டுவுக்குக் காணி கொடுப்பதற்கு.

அவளிடம் இருந்த காசையும் என்னிடம் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தோம். மூன்றாம் வகுப்பில் போய் வரலாம், ஆனால் சாப்பிட முடியாது. சாப்பிட்டால் திரும்பி வர முடியாது. ஆகவே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது என்று தீர்மானித்தோம். ஒரு சாக்குப்பை நிறையப் புழுக்கொடியல், அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. ஒரு தகரத்தில் வறுத்த மாவான பொரிமா, இரண்டு ஓலைக்குட்டான் பனங்கட்டி. புழுக்கொடியலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒன்றைத் தின்று முடிப்பதற்குள் வாய் களைத்துப்போகும், பசியும் தன்பாட்டில் போய்விடும்.

நல்லூரில் கொடி ஏறிய கிழமை புறப்பட்டோம். வெளியூரிலிருந்து சனம் யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் வெளியே போகும் வண்டியில் ஏறினோம். எல்லாருடைய கண்ணும் திருவிழாவில் இருந்தது, எங்களை ஒருத்தரும் பார்க்கவில்லை. வீட்டில், மகாதேவிக்குச் சிதம்பரத்தில் நேர்த்திக்கடன், துணைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லிக் காசு தந்தார். அந்தக் காசு சிதம்பரத்துக்கு ரயில் ரிக்கற் எடுக்கப் போனது. மாதா கோபிக்க மாட்டா, அவவும் ஒரு பிள்ளை பெற்றவதானே.

தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். வெய்யிலில் மேல்தட்டில் இருந்தோம், அதற்குத்தான் எங்கள் ரிக்கற். சம்மாட்டியின் மகள் நான் தலை சுற்றிச் சத்தி எடுத்தேன். கடலைக் கிட்டவும் பாராத அளவெட்டிக்காரி கால் நீட்டி இருந்து பொரிமா குழைத்துச் சாப்பிட்டாள். "உம்மடை அப்பாட்டைச் சொல்லட்டோ?" என்று ஒரு கேள்வியும் கேட்டாள்.

தனுஷ்கோடியில் சுங்கத்துக்காரர் எங்கள் சாக்குப்பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது என்ன வேரும்மா? மருந்தா?" என்றார். நான் ஒன்றை எடுத்து முறித்துப் பாதியை என் வாயில் போட்டேன், பாதியை அவர் கையில் கொடுத்தேன். அவரும் மரியாதைக்கு வாயில் போட்டுக்கொண்டார். பாவம், அதற்குப் பிறகு அவரால் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை. அவர் மென்று முடிப்பதற்குள் நாங்கள் வண்டியில் இருந்தோம்.

வண்டியில் பெண்கள் பெட்டி. கூடை, கோழி, பிள்ளை, குடம் எல்லாம் சேர்ந்து எங்கள் மடியில் இருந்தன. மகாதேவி சம்மதக் கடதாசியை ஒரு துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். ஒவ்வொரு ரயிலடியிலும் கை ஒருமுறை அங்கே போய் வந்தது. காசு கொடுத்து நாங்கள் தண்ணீர்கூட வாங்கவில்லை, குழாயில் பிடித்தோம். கோப்பிக் கடை வாசனை வந்தபோதெல்லாம் நான் செபமாலை சொன்னேன். இவ்வளவு பக்தியாக என் வாழ்நாளில் நான் செபித்ததில்லை.

சிதம்பரத்தில் எங்கள் ஊர்ச் சைவப் பெரியவர்கள் கட்டிவைத்த மடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்குப் படுக்க இடமும் ஒருநேரச் சோறும் சும்மா கிடைக்கும். ஆனால் சைவ ஆட்களுக்குத்தான். வாசலில் நின்றபடி மகாதேவி என் நெற்றியில் திருநீறு பூசி, பொட்டும் வைத்துவிட்டாள். நான் முகத்தைத் திருப்பினேன்.

"என்ன, சுடுதோ?" என்றாள்.

"மாதா பாத்துக்கொண்டிருக்கிறா."

"மாதா பசியோடை இருக்கச் சொன்னவவோ?"

மடத்தைப் பார்த்துக்கொள்ளும் மணியம் சீவரத்தினத்தார் சாவகச்சேரிக்காரர். எங்களைக் கண்டதும் வழமையான கேள்விகள் வந்தன. எந்த ஊர், ஆருடைய ஆட்கள், எந்தக் கோயிலடி. மகாதேவி தன்னுடைய விபரத்தைச் சொன்னாள். பிறகு என்னைக் காட்டி, "இவ அருந்ததி, என்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி" என்றாள். அருந்ததியாம். எங்கள் வீட்டு நாய்க்குக்கூட வேதாகமத்துப் பெயர், எனக்கு அருந்ததி.

பந்தியில் இருந்தோம். இலையில் சுடச்சுடச் சோறு விழுந்தது. சாம்பாரைக் கண்டதும் எனக்குப் புத்தி மாறிவிட்டது. கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது, அங்கிருந்து நெஞ்சுக்கு வந்தது, இடது தோளுக்கும் போய்விட்டது. அங்கேதான் நினைவு வந்தது. தோளைச் சொறிவதுபோலச் சொறிந்தேன். நிமிர்ந்தால் சீவரத்தினத்தார் வாளியோடு எதிரே நிற்கிறார்.

அவர் என் இலையில் இன்னொரு அகப்பை சோறு போட்டார். "சாப்பிடு பிள்ளை. தூரத்துப் பயணம்," என்றார். அடுத்த இலைக்குப் போனார்.

சாப்பிட்ட பிறகு மகாதேவி அவரிடம் விசாரித்தாள். அளவெட்டி ஏரம்பற்றை மகன் முருகேசு, கறுவல், கெந்திக் கெந்தி நடப்பார் என்று அடையாளம் சொன்னாள். எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் இப்படித்தான் விசாரிப்பார்கள், தகப்பன் பெயர் சொன்னால் உலகத்துக்கே தெரியும் என்ற நினைப்பு. சீவரத்தினத்தார் தலையைச் சொறிந்தார்.

"இஞ்சை அந்தப் பேரெல்லாம் ஆருக்குத் தெரியும்? ஊரிலை இருந்து வந்து காவி கட்டின எல்லாருக்கும் யாழ்ப்பாணச் சாமி எண்டுதான் பேர். குளத்தடியிலை ஒருத்தர் இருக்கிறார், போய்ப் பாருங்கோ."

போனோம். குளக்கட்டில் காவி உடுத்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மகாதேவி கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். நான்தான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"சாமி, நாங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்து வாறம்."

சாமி கண்ணைத் திறந்தார். இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்களைக் கண்டதும் மேல்துணியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "வட்டுக்கோட்டையிலை இருந்தோ? அவதான் அனுப்பினவவோ?" என்று கேட்டார்.

"பயப்பிடாதேயுங்கோ. உங்களைத் தேடி வரேல்லை."

அந்த மனிதரின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும். எழும்பி நின்று எங்களுக்கு எல்லா உதவியும் செய்தார். கெந்தி நடக்கிற அளவெட்டிச் சாமி திருவண்ணாமலையில் இருக்கிறார், மலை சுற்றும் பாதையில் ஒரு சின்ன மடம், வாசலில் புளியமரம் நிற்கும் என்று வழியும் சொன்னார். "என்னை இஞ்சை கண்டதெண்டு ஊரிலை சொல்லிப்போடாதேயுங்கோ," என்றும் கேட்டுக்கொண்டார். சொல்லமாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை.

விழுப்புரத்தில் வண்டி மாறித் திருவண்ணாமலையில் இறங்கினபோது எனக்குக் கால் வீங்கியிருந்தது. ஜட்கா வண்டிக்காரர்கள் சுற்றி வந்து கூப்பிட்டார்கள். மகாதேவி அவர்களைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தாள். வெய்யில் மண்டையைப் பிளந்தது. "நில்லும், ஒரு மூச்சு எடுப்பம்," என்றேன். "மூச்சை நடந்துகொண்டே எடும்," என்றாள். அவளுக்கு என்ன மனசோ, என்ன கல்லோ.

மடத்தில் மத்தியானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஓலைக் கொட்டகையில் பரதேசிகளும் சாமிமாரும் வரிசையாக இருந்தார்கள். தாடி வளர்த்த மெலிந்த மனிதர் ஒருவர் சோற்று வாளியோடு வந்துகொண்டிருந்தார். ஒரு குதிக்கால் நிலத்தில் படாத நடை. மகாதேவி என் கையைப் பிடித்தாள்.

அவர் நிமிர்ந்தார், அவளைக் கண்டார். நிச்சயமாகக் கண்டார், வாளி ஒருமுறை ஆடியது. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "உட்காருங்கோ அம்மா," என்றார்.

தாலி கட்டின பெண்சாதியை அம்மா என்றார். எனக்கு இரத்தம் கொதித்தது. அந்த வாளியைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. மகாதேவி பேசாமல் பந்தியில் இருந்து இலையைத் துடைத்தாள். அவர் போட்ட சோற்றைச் சாப்பிட்டாள். நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். அவளோ, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பந்தி முடிந்து புளியமரத்தின் கீழ் பேச்சு நடந்தது. தனியாகப் பெண்களோடு பேசுவதில்லை என்று அவர் சொன்னதால், மடத்துப் பெரியசாமியும் இன்னும் சிலரும் வந்து இருந்தார்கள். மகாதேவி கடதாசியை எடுத்து மடியில் விரித்து வைத்தாள்.

"பிள்ளைக்கு டொக்டர் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. காணியை வித்தால்தான் படிப்பிக்கலாம். உங்கடை கையெழுத்து வேணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "முருகேசு எண்டு ஒருத்தன் இல்லை அம்மா. அவன் செத்துப்போனான். காவி கட்டேக்கை அவனுக்குச் செய்யவேண்டிய கிரியை எல்லாம் செய்து முடிஞ்சுது. செத்தவன் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"பிள்ளையின்ரை காரியம்."

"எல்லாம் அவன் செயல்."

"அவன் செயல்தான்," என்றாள் மகாதேவி. "ஆனால் நொத்தாரிசு அவன்ரை கையெழுத்தை ஏற்கமாட்டாராம். உங்கடைதான் வேணுமாம்."

சாமிமாரில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார். முருகேசு அண்ணை அசையவில்லை. சரி, இவ்வளவு தூரம் வந்தது வீண் என்று நான் நினைத்தேன். அப்போது அவர், கண்ணைத் திறக்காமலே, மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் காணி?"

"கிணத்தடிக் காணி."

கண் திறந்தது. "ஆர் வாங்கிறது?"

நான் மகாதேவியின் முதுகில் இடித்தேன். யாராவது ஒரு கொழும்புக்காரர் என்று சொல்லேன், உன் வாயில் என்ன முள்ளா? அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மார்க்கண்டு அண்ணை," என்றாள்.

மனிதர் இருந்த இடத்திலிருந்து எழும்பிவிட்டார்.

"எடியே, உனக்கென்ன விசரோ? அவனுக்கோ குடுக்கப் போறாய்? என்ரை உடம்பிலை உயிர் இருக்குமட்டும் அந்த நிலத்திலை அவனைக் கால் வைக்க விடமாட்டன். வேலியைத் தள்ளித் தள்ளி நட்ட கள்ளன். அரசாங்கக் கச்சேரியிலை எடுத்த காணிப் படத்தைக் கொண்டுவந்து காட்டினனான், அந்த நீதவானுக்குக் கண் தெரியேல்லை. அம்மியடியிலை இருந்து நாலு முழம் எங்கடை."

கொட்டகையிலிருந்து பரதேசிகள் எட்டிப் பார்த்தார்கள். பெரியசாமியின் கையில் உருண்டுகொண்டிருந்த உருத்திராட்சம் நின்றுவிட்டது. நான் சிரித்துவிட்டேன். தேவாலயத்தில் சிரிப்பு வந்தால் அடக்க முடியாதே, அப்படி.

மகாதேவி சிரிக்கவில்லை. "அப்ப உயிர் இருக்கு," என்றாள்.

அவர் நழுவின காவித்துண்டைத் தோளில் இழுத்துப் போட்டார்.

"உயிர் இருக்கெண்டால் நல்லது. பின்னேரம் ரயில் இருக்கு, எழும்பி வாங்கோ. வந்து உழைச்சுப் பிள்ளையைப் படிப்பியுங்கோ. காணியை விக்கவேண்டாம். மார்க்கண்டு அண்ணையோடை மிச்ச வழக்கையும் பேசுங்கோ, நான் மறிக்கேல்லை. உயிர் இல்லையெண்டால், செத்தவருக்கு மார்க்கண்டு அண்ணையிலை என்ன கோவம்? இதிலை வையுங்கோ. ரெண்டிலை ஒண்டு. நான் இஞ்சை இருக்கிறன்."

அவர் கெந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரியசாமியும் எழும்பிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் மரத்தடியில் இருந்தோம். வெய்யில் சாயத் தொடங்கியது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வராட்டில் என்ன செய்யிறது?"

"வருவார்."

"எப்பிடி உமக்குத் தெரியும்?"

"வீட்டுக்கு வரச் சொல்லிப்போட்டன் எல்லோ," என்றாள். "அதுக்குப் பயந்தாவது வந்து வைப்பார்."

சொல்லும்போது அவளுடைய கீழுதடு நடுங்கியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவர் வந்தார். கையில் பேனையும் மைக்கூடும் இருந்தன. யாரையும் பார்க்காமல், பலகையில் கடதாசியை வைத்து, ஏரம்பு முருகேசு என்று எழுதினார். அழகான கையெழுத்து, ஒரு எழுத்தும் நடுங்கவில்லை. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றேன். பெரியசாமியைப் பார்த்தோம். அவரும் பெயரைத் துறந்தவராம். அங்கே இருந்த காவிக்காரர் எல்லாருமே செத்தவர்கள்தான். கடைசியில் வாசலில் பூக்கடை வைத்திருந்த மனிதர் உயிரோடு இருந்ததால் அவரைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்கினோம். மற்றது நான். றோஸ் மேரி, சூசைதாசன் மகள், குருநகர் என்று எழுதினேன்.

முருகேசு அண்ணை அதை வாசித்துவிட்டு என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "வேதக்காறியோ?"

"ஓம். உங்கடை சோறு நல்லாயிருந்தது," என்றேன்.

மகாதேவி கடதாசியை ஊதி ஊதி மையை உலரவிட்டாள். துணியில் சுற்றி இடுப்பில் செருகினாள். கும்பிடவில்லை, போயிட்டு வாறன் என்றும் சொல்லவில்லை. நடக்கத் தொடங்கினாள். நானும் சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பாதித் தெரு தாண்டியிருப்போம். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. கெந்திக் கெந்தி ஓடுகிற சத்தம்.

"மகாதேவி."

அம்மா இல்லை, எடியேயும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் நின்ற வேகத்தில் நான் அவள் முதுகில் முட்டினேன். திரும்பினாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை, ஆசிரியர் அறையில் என் எதிரே சோறு சாப்பிடுகிறவளின் முகம் இல்லை அது. கலியாணத்துக்கு முன் அவள் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். கேள் மனிதா, கேள் என்று மனசுக்குள் கத்தினேன். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு விட்டுவிட்டு வந்த பிள்ளை, உயரமோ கட்டையோ, உன்னுடைய சாயலோ என்று ஒரு வார்த்தை கேள்.

அவர் மூச்சு வாங்கினார்.

"காணி உறுதி எழுதேக்கை கவனம். கிணத்துப் பங்கும் வழி வாய்க்காலும் எண்டு அவன் சேத்து எழுதப் பாப்பான். விடாதை. கிணறு எங்கடை."

தெருவில் ஒரு மாட்டுவண்டி போனது. அது போய் முடியும்வரை மகாதேவி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் மெல்ல மெல்லப் பழைய முகம் ஆனது.

"பிள்ளை நல்லா இருக்கிறாள்," என்றாள். "இனி நீங்கள் நிம்மதியாச் செத்துப்போகலாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை.

ரயிலடிக்கு வந்து மரவாங்கில் இருந்ததும் உடைந்து போனாள். சனம் பார்க்கப் பார்க்க அழுதாள். நான் அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டு, எங்கள் குருநகர்க் கடற்கரையில் எத்தனை வசைச் சொல் உண்டோ அத்தனையையும் அந்த மனிதருக்குச் சொன்னேன். பக்கத்தில் இருந்த கிழவருக்கு விளங்கவில்லைப்போல, நல்ல தேவாரம் என்று தலையாட்டினார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒன்பது வருடம் அவள் ஒருத்தி பட்ட பாட்டுக்கு, அந்த மனிதர் ஓடிவந்து கொடுத்தது ஒரு கிணற்றுப் பங்கு.

ஒரு வண்டி வந்து நின்றது. நாங்கள் போக வேண்டிய பக்கம் இல்லை, விழுப்புரத்திலிருந்து வந்து வடக்கே போகிற வண்டி. மகாதேவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். எழும்பினாள்.

"இது வேலூர்ப் பக்கம் போறதுதானே?"

"ஓம். எங்கடை வண்டி இனித்தான்."

"ஏறும்."

"என்ன?"

"பிள்ளை இருக்கப்போற இடத்தைப் பாக்கவேணும். படுக்கிற அறைக்குக் கதவிலை கொண்டி இருக்கோ, தண்ணி என்னமாதிரி, ஆர் ஆர் கூட இருக்கினம் எண்டு நான் பாக்காமல் அனுப்பமாட்டன்."

"மகாதேவி, அங்கை போனால் திரும்பி வாறதுக்கு ரிக்கற்றுக்குக் காசு காணாது."

"திரும்பி வாறதைத் திரும்பி வரேக்கை பாப்பம்," என்றாள்.

போய் ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்து பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டாள். வண்டி ஊதியது. சன்னலுக்குள்ளிருந்து கையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சாக்குப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.